இருநூற்றுப் பன்னிரண்டாம் புகார்

திங்கட்கிழமை காலை மேசைக்கு வந்த பட்டியலில் நாற்பத்தொரு திருத்தங்கள் இருந்தன. மென்பொருளின் ஆறாம் பதிப்பு வெள்ளிக்கிழமை மதியம் வெளியாக வேண்டும். அதற்குள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே 'தயார்' என்றோ 'தயாரில்லை' என்றோ எழுதுவது தில்லைநாயகியின் வேலை. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த அந்த அலுவலகத்தில் நானூறு பேர் நிரல் எழுதினார்கள். அந்த இரண்டு சொற்களில் ஒன்றை எழுதும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அதனாலேயே கேன்டீனில் அவள் உட்காரும் மேசைக்குப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. சாம்பாரை இன்னொரு தடவை கேட்டு வாங்க வசதியாக இருந்தது.

வாய்மொழி நிறுவனம் செய்தது ஒரே ஒரு பொருள். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்குக் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் ஒரு சில்லு வைப்பார்கள். கழுத்தில் கயிற்றில் ஒரு சிறிய பேசி தொங்கும். மனதுக்குள் சொல்ல நினைப்பதைச் சில்லு பிடித்து அனுப்ப, பேசி அதை அந்த ஆளின் பழைய குரலிலேயே சொல்லும். விளம்பரத்தில் இதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. வாங்கியவர்கள் அதைச் சட்டை செய்யாமல் தாயத்து என்றார்கள். தமிழ்நாடு முழுக்கப் பதினோராயிரம் கழுத்துகளில் அது தொங்கியது.

தாயத்து சொன்னால் ஆள் சொன்னது போலத்தான் என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் சட்டமும் வந்துவிட்டது. கல்யாணம், ஆபரேஷன், வீட்டுப் பத்திரம், எதற்கானாலும் அது சொல்லும் 'சரி' செல்லும். ஒரே ஒரு விலக்கு. ஒரு தாயத்தின் மேல் புகார் நிலுவையில் இருந்தால், புகார் தீரும்வரை அதன் வழியாகக் கொடுத்த சம்மதம் எல்லாம் நிறுத்தி வைக்கப்படும். சட்டம் எழுதியவர்கள் இந்த விலக்கை யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்று நினைத்திருக்க வேண்டும், அரை வரியில் முடித்திருந்தார்கள்.

நாற்பது திருத்தங்களைத் தில்லைநாயகி செவ்வாய்க்கிழமை மாலைக்குள் தீர்த்துவிட்டாள். பாக்கி நின்றது இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் புகாருக்கான திருத்தம்.

புகார் கொடுத்தவர் பாளையங்கோட்டை சிவசைலம். அரசுப் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடது கையால் சிலேட்டில் கோணல்மாணலாக எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். 'நான் சொல்லாமலே இது சரி என்கிறது.' அவ்வளவுதான் புகார். மகன் அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்குக் கேட்டிருக்கிறான், தாயத்து சரி என்றுவிட்டது. புகார் நிலுவையில் இருப்பதால் இல்லத்துக்காரர்கள் சேர்க்காமல் காத்திருந்தார்கள். அவருக்குப் பிறகு இன்னும் முந்நூற்று நாற்பது பேர் அதே புகாரை வேறு வேறு சொற்களில் அனுப்பியிருந்தார்கள். ஒரு அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள்.

திருத்தத்தை எழுதியது அன்வர்தீன். முப்பது வயது, கெட்டிக்காரன், தன் நிரலில் யாராவது குறை சொன்னால் முகம் சுண்டிப்போகும். அவன்தான் பழுதுக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தவனும்.

"சில்லுக்குப் பேசக் கத்துக்கொடுக்க ஆஸ்பத்திரியில பதிவு பண்ணுனோம் மேடம். நர்ஸ் வந்து ஊசி போடட்டுமான்னு கேக்குறாங்க. எந்த நோயாளி வேண்டாம்பான்? பதிவு பூரா சரி, சரி, சரின்னே இருக்கு. இது அதைப் புடிச்சுக்கிச்சு. ஆளு யோசிச்சுட்டு இருக்கும்போதே, எப்படியும் சரின்னுதான் சொல்லப்போறாருன்னு முந்திக்கிது."

"இப்போ?"

"இப்போ ஊகமே கிடையாது. மூணு செகண்ட் பொறுக்கும். மனசுல தெளிவா இருந்தாத்தான் வாயைத் திறக்கும். எவ்வளவு தெளிவா இருந்துச்சுன்னும் குறிச்சு வைக்கும். அறுநூறு சோதனை, அறுநூறும் பாஸ்."

தில்லைநாயகி சோதனை ஒன்றைப் போட்டுக் கேட்டாள். வானொலியில் செய்தி வாசிப்பது போன்ற குரலில் ஒரு பெண், 'தங்களைப் புதிய இல்லத்திற்கு மாற்றுவதில் தங்களுக்குச் சம்மதமா?' என்று கேட்டாள். இன்னொன்றைப் போட்டாள். அதிலும் அதே குரல், அதே தங்கள். அறுநூறு கேள்வியையும் அந்தப் பெண்ணே ஒரே மூச்சில் வாசித்திருந்தாள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு தடவை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கேட்பார்களா என்று அன்வரிடம் கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் அவன் அம்மா எதையும் ஒரு தடவையோடு விட்டதில்லையாம், காலையில் ஆரம்பித்தால் இரவு இஷாத் தொழுகை வரைக்கும் போகுமாம். சிரிப்பு அடங்கியதும் அவனுக்கே விளங்கிவிட்டது, முகம் சுண்டியது.

புகார் கொடுத்தவரே பழுது நீங்கியது என்று சொன்னால்தான் புகாரை மூட வேண்டும் என்பது அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதைக் கொண்டுவந்தவள் தில்லைநாயகிதான். மேலாளர் ரங்கபாஷ்யத்துக்கு அது தொண்டையில் சிக்கிய முள். மற்ற கம்பெனிக்காரன் எல்லாம் பொத்தானைத் தட்டி மூடிவிட்டுப் போகிறான், நாம் மட்டும் வீடு வீடாக ஓட்டு கேட்பது போல் போகிறோம் என்பார். ஆனாலும் அந்த வழக்கத்தால் இரண்டு முறை கம்பெனி மானம் தப்பியிருந்தது, அதனால் விட்டுவைத்திருந்தார்.

"நேர்ல போறோம். அவர் தாயத்துலயே ஆறாம் பதிப்பை ஏத்துங்க. நடிப்பு எதுவும் வேண்டாம். அவங்க வீட்டு ஆளுங்களே கேக்கட்டும், நிஜமாக் கேக்கிற மாதிரியே கேக்கட்டும்," என்றாள். அதைச் சொன்னபோது அவளுக்குத் தன்மேலேயே ஒரு திருப்தி இருந்தது. இருபது வருஷ அனுபவம் என்றால் சும்மாவா என்று தோன்றியது.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் பாளையங்கோட்டையில் இருந்தார்கள். சின்ன வீடு, சுத்தமான வீடு. சிவசைலம் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தெருவில் போகும் பஸ்ஸையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் சங்கரலிங்கம் நில அளவைத் துறையில் சர்வேயர், மருமகள் செண்பகம் பள்ளிக்கூட டீச்சர். இரண்டு பேரும் இதற்காகவே அரை நாள் லீவு போட்டிருந்தார்கள். அப்பாவை வீட்டைவிட்டு அனுப்பப் பார்க்கிற மகன் என்று வரும் வழியெல்லாம் அவனைப் பற்றி ஒரு முகம் வரைந்து வைத்திருந்தாள் தில்லைநாயகி. நேரில் பார்த்த முகம் அதற்குப் பொருந்தவில்லை. அவன் அப்பாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்ட விதத்திலேயே அது தெரிந்தது.

அன்வர் புதிய பதிப்பை ஏற்றி, தாயத்தைத் தன் மடிக்கணினியோடு இணைத்தான். மனதில் எழும் சொல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைத் திரையில் ஒரு கோடு காட்டும். தில்லைநாயகி மகனிடம், நிஜமாகக் கேட்பது போலவே கேளுங்கள் என்றாள்.

"அப்பா, அந்த இல்லத்துக்குப் போயிருவோமா? என்ன சொல்லுதிய?"

மூன்று விநாடி கழிந்தது. "வேண்டாம்," என்றது தாயத்து. தடித்த, பஸ் நிலையத்தில் எட்டு ஊருக்கு வழி சொல்லிப் பழகிய குரல். சிவசைலம் அந்தக் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து அன்வர் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வீட்டில் கேட்பது போல் கேட்கச் சொல்லியிருந்தாள், வீட்டில் யாரும் ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை. சங்கரலிங்கம் இரண்டாம் தடவை கேட்டான், அங்கே டாக்டர் கூடவே இருப்பார் என்றான். வேண்டாம். மூன்றாம் தடவை, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவோம் என்றான். வேண்டாம். நான்காவது முறை செண்பகம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, மாமா, உங்களை வேண்டாம் என்றா அனுப்புகிறோம் என்று கேட்டாள். அதற்கும் வேண்டாம்தான், ஆனால் திரையில் கோடு இறங்கியிருந்தது. ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் தாயத்து பேசவே இல்லை. பழைய பதிப்பாக இருந்தால் இதற்குள் பத்துத் தடவை சரி போட்டிருக்கும் என்று அன்வர் அவள் காதருகே சொன்னான்.

ஏழாவது தடவை சங்கரலிங்கம் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அன்னைக்குப் பாத்ரூம்ல விழுந்து ரெண்டு மணி நேரம் தரையிலயே கிடந்தியளேப்பா. நான் வந்துதானே தூக்குனேன். அதுலேர்ந்து எனக்கு ஆபீஸ்ல உக்காந்தா வேலை ஓட மாட்டேங்கு. போன் அடிச்சாலே உங்களுக்கு என்னமோன்னு எந்திரிச்சு ஓடுதேன். உங்க நல்லதுக்குத்தானே கேக்கேன். சொல்லுங்கப்பா."

மூன்று விநாடி. "சரி."

அன்வர் திரையைத் திருப்பிக் காட்டினான். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. ஊகம் இல்லை, பழுது இல்லை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் மனதில் எழுந்த சொல். தில்லைநாயகி சிவசைலத்தின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இப்போது சரி சொன்னது நீங்களா, இதுவா என்று கேட்டாள். அவர் தாயத்து வழியாகப் பதில் சொல்லவில்லை, சிலேட்டுக்குக் கையை நீட்டினார். எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது.

'நான்தான் சொன்னேன். ஆனா வேண்டாம்.'

புகார்ப் படிவத்தில் பழுது நீங்கியது, நீங்கவில்லை என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. சிவசைலம் இரண்டிலும் குறி போடவில்லை. அவள் சிலேட்டைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ரங்கபாஷ்யம் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய சொந்த அண்ணனே தாயத்து கட்டியவர்.

"முதல் வரியோட நம்ம பழுது முடிஞ்சு போச்சு, நாயகி. ரெண்டாவது வரி அவர் வீட்டு விஷயம். தாயத்து இல்லாதவன் மட்டும் என்ன, மனசுல இருக்கிறதையா சொல்றான்? என்னையும் உங்களையும் ஏழு தடவை கேட்டா நாமும் சரின்னுதான் சொல்வோம். அதுக்குத் திருத்தம் எழுத முடியுமா?"

மறுக்க அதில் எதுவும் இல்லை. திருத்தத்தை நிறுத்தினால் அடுத்த பதிப்பு வர ஆறு மாதம் ஆகும். புகார் கொடுக்காத மற்ற பத்தாயிரத்துச் சொச்சம் பேர் அதுவரைக்கும் தாங்கள் நினைக்காததற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அதில் எத்தனை ஆபரேஷனோ. 'நான்தான் சொன்னேன்' என்பதைப் புகார்தாரரின் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு, பழுது நீங்கியது என்ற கட்டத்தில் அவளே குறி போட்டாள். பதினொன்று நாற்பதுக்கு 'தயார்' என்று எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் புகார் மூடப்பட்டது. யாரோ மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார்கள், அவளும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சங்கரலிங்கம் போன் செய்தான். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டானாம். நாலரை மணிக்கு இல்லத்திலிருந்து வண்டி வருகிறது, அப்பாவின் சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது என்றான்.

அவர் மறுபடியும் சம்மதித்தாரா என்று கேட்டாள்.

"மறுபடி கேக்கவே வேண்டாம்னு இல்லத்துல சொல்லிட்டாங்க மேடம். புதன்கிழமை நீங்க இருக்கும்போது அப்பா சொன்னாங்கல்லா, அது தாயத்துல பதிவாகியிருக்கு. திருத்துன பதிப்பு, தொண்ணூத்தி நாலு. புகார் மூடுனதும் தானாவே செல்லுபடி ஆயிருச்சாம்."

"அது சோதனைக்காகக் கேட்டது."

"நான் நிஜமாத்தானே கேட்டேன் மேடம். நீங்கதானே அப்படிக் கேக்கச் சொன்னிய."

பின்னால் கூப்பிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்தாள். இருபது வருஷத்தில் எத்தனையோ பேரின் சோதனைகளைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சோதனைக்குள் நிஜமான கேள்வியை வைத்தால் நிஜமான பதில் வரும், அந்தப் பதில் சோதனை முடிந்த பிறகும் இருக்கும் என்பது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். நானூறு பேர் நிரலில் இல்லாத பிழை அவள் சோதனையில் இருந்தது. அவமானத்தில் காது சுட்டது.

அன்வரை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னாள். ஒரே ஒரு தாயத்தை மட்டும் ஐந்தாம் பதிப்புக்கு இறக்க முடியுமா என்று கேட்டாள். அவன் முதலில் நம்பவில்லை.

"நாம சரி பண்ணுன பழுதை நாமளே திருப்பி வைக்கவா?"

"பழுது இருந்தாப் புகாரைத் திறக்கலாம். புகார் திறந்திருந்தாச் சம்மதம் நிக்கும்."

முடியும், ஆனால் மேடம் கையெழுத்துப் போட வேண்டும் என்றான். ஏன் இறக்கினீர்கள் என்று நாளைக்கே மேலே கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு ஐந்தாம் பதிப்பு என்றால் முழுதாக ஐந்தாம் பதிப்புதான், இந்த ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க முடியாது. மற்ற நாற்பது திருத்தமும் போய்விடும். அதில் பேசியின் சூட்டைக் குறைக்கிற திருத்தமும் ஒன்று. ஐந்தாம் பதிப்பில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசினால் கழுத்து சுடும். சிலருக்குக் கொப்பளம் போட்டிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. புகார் திறந்திருக்கும் வரை அவர் சொல்லும் எதற்கும் மதிப்பிருக்காது, வேண்டாம் என்று சொன்னால் அதற்கும்கூட.

தில்லைநாயகி யோசித்தாள். அந்த மனிதர் நாளைக்கே திரும்பவும் பாத்ரூமில் விழலாம். மகன் மறுபடி இரண்டு மணி நேரம் கழித்து வந்து தூக்கலாம், தூக்க முடியாமலும் போகலாம். அந்த இல்லம் நல்ல இடமாகவே இருக்கலாம். இதற்கெல்லாம் அவள் பட்டியலில் கட்டம் இல்லை. சிலேட்டில் இருந்த இரண்டாவது வரிக்கும் கட்டம் இல்லாமல்தான் இருந்தது, அதை அவள் இல்லாததாகவே ஆக்கிவிட்டாள். இப்போது அதை எடுத்துத் தன் பெயரில் புகாருக்குள் எழுதி, இருநூற்றுப் பன்னிரண்டை மறுபடி திறப்பதற்கான படிவத்தை நிரப்பினாள். கையெழுத்தை மட்டும் போடவில்லை. கேட்காமல் செய்தால் அவளும் அந்தப் பழைய பதிப்பு மாதிரிதான்.

நாலு மணிக்குச் சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டாள். போனை அப்பா பக்கத்தில் வைக்கச் சொன்னாள், நீங்களும் கூட இருந்து கேளுங்கள் என்றாள். வாசலில் சாமான்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அய்யா, நான் தில்லைநாயகி, புதன்கிழமை வந்தேனே. உங்க தாயத்துல பழைய பதிப்பையே திரும்பப் போட்டா இன்னைக்கு வண்டியில உங்களை ஏத்த முடியாது. ஆனா பழையபடி நீங்க நினைக்காததை எல்லாம் அது சொல்லும். நீங்க எது சொன்னாலும் யாரும் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. கழுத்தும் சுடும், கொப்பளம் வந்தாலும் வரும். விழுந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. இதை உங்க மகனும் கேட்டுக்கிட்டு இருக்கார். பழையதைப் போடவா?"

அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"சரி," என்றார் சிவசைலம். இணையம் வழியாகத் தாயத்தோடு இணைத்திருந்த அன்வரின் திரையில் நூற்றுக்கு நூறு என்று காட்டியது.

மறுமுனையில் மகன் அழுவது கேட்டது. இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று அன்வர் சைகை காட்டினான். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டாள்.